ரொக்ஸ்பரோ நோட்டரிக்கு நான் வாசித்துக் காட்டிய உன் நோட்டு

அருமை வத்சு,

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குள் உன்னைப் பெரிய மனுஷியாக்கிவிட்டார்கள். உன் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்து, அதை ஒரு மேப்பிள் மரப் பலகையில் அறைந்து, கைதட்டலோடு என்னிடம் கொடுத்தார்கள். அதன்மேல்தான் இப்போது தினமும் குக்கரை இறக்கி வைக்கிறேன். சூடு நன்றாகத் தாங்குகிறது. உன் ஆபீஸ்காரர்கள் செய்த காரியங்களில் ஒரு மனுஷருக்காவது உபயோகமானது அது ஒன்றுதான்.

இங்கே நம்மவர்கள் தட்டச்சடித்துச் சுற்றுக்கு விடும் பத்திரிகைக்கு உன்னைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். நல்லதாக நாலு வார்த்தை எழுதினால் போதும் என்றார் அதைப் பார்த்துக்கொள்ளும் டாக்டர். நல்லதாக நாலு வார்த்தை எழுதுகிற ஆளா நான்? உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும். அதனால் உனக்கே எழுதுகிறேன், மற்றவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும். அவர்களுக்காக உனக்குத் தெரிந்த கதையையும் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்.

நீ மதராஸ் ஐகோர்ட்டில் கறுப்பு கவுன் மாட்டியவள். எழுபதாம் வருஷம் செப்டம்பரில் சட்டத்தில் மேல்படிப்புக்கென்று மாண்ட்ரியலை ஒட்டிய எங்கள் ரொக்ஸ்பரோ வீட்டில் வந்து இறங்கினாய். மறுமாதமே, கியூபெக்கைப் பிரிக்கச் சொன்ன கூட்டம் ஆளைக் கடத்தியது என்று மாண்ட்ரியலுக்குள் பட்டாளம் வந்தது. வாரண்ட் இல்லாமல் வீடு புகுந்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள், வக்கீலைப் பார்க்கக்கூட விடவில்லை. காபி ஆறுவது தெரியாமல் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு, "இந்த ஊரா அண்ணி எனக்குச் சட்டம் சொல்லித்தரப் போகுது?" என்று கேட்டாய். அன்றைக்கே உன்னைத் திரும்ப விமானம் ஏற்றியிருக்க வேண்டும்.

படிப்பு முடிந்தது. இங்கே வக்கீலாக நிற்க இந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும், பிரெஞ்சு வேண்டும், இன்னும் என்னென்னவோ வேண்டும் என்றார்கள். ஷெர்புரூக் தெருவில் ஒரு நிறுவனம் மட்டும் உன்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்தது. சண்டை ஓய்ந்த நாடுகளில் ஏழைகளுக்கு வக்கீலும் கோர்ட்டும் எட்டும்படி செய்வது அவர்கள் தொழிலாம். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது பார்.

அதன் தலைவரைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே அவருக்குத் 'துரை' என்று பெயர் வைத்தாய். நானும் அப்படியே சொல்கிறேன், நிஜப் பெயரை எழுதி இந்தத் தாளை அழுக்காக்குவானேன்? துரை பல நாடு பார்த்தவர். விமான நிலையம், ஹோட்டல், மந்திரியின் ஆபீஸ் என்று மூன்றே இடத்தில் ஒரு நாட்டைப் பார்த்து முடித்துவிடுவார். திரும்பி வந்து அந்த நாட்டு ஏழைகளின் மனசில் என்ன இருக்கிறது என்று புத்தகம் போடுவார். அவருக்குக் கீழே இருந்த நாலைந்து பேருக்கும் தலையாட்டுவதுதான் உத்தியோகம்.

எழுபத்து மூன்றில் நைஜீரியாவுக்கு ஒரு குழு போயிற்று, உன்னையும் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே உள்நாட்டுச் சண்டை முடிந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. துரையும் மற்றவர்களும் ஹோட்டலில் கூட்டம் போட்டுக் கொண்டிருக்க, நீ போர்ட் ஹார்க்கோர்ட் கோர்ட்டு வராந்தாவில் போய் உட்கார்ந்தாய். வந்தவர்கள் சொன்னதைச் சொன்னபடி ஒரு நீல அட்டை நோட்டில் எழுதினாய், அதுவும் தமிழில். ஏனென்று கேட்டதற்கு, இங்கிலீஷில் எழுதினால் துரை வாங்கிப் பார்த்து, இதெல்லாம் கதை என்று சிவப்புப் பென்சிலால் அடித்துவிடுவார் என்றாய்.

அந்த வராந்தாவில்தான் என்கோசி உனக்குக் கிடைத்தாள். பள்ளிக்கூட வாத்தியாரம்மா, விதவை. சண்டையில் உயிருக்குப் பயந்து வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடியவள். புருஷனை வழியில் புதைத்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், அவள் வீட்டில் வேறொருவன் குடியிருக்கிறான். ஓடிப்போனவர்களின் வீடெல்லாம் 'கைவிடப்பட்ட சொத்து' என்று சொல்லி எவனெவனுக்கோ கொடுத்திருந்தார்கள். கைவிட்டாளாம். துப்பாக்கிச் சத்தம் கேட்டு ஓடினால் அதற்குப் பெயர் கைவிடுவதா, வத்சு?

நீ அவளோடு அந்த வீட்டுக்கே போனாய். குடியிருந்த ஆள் துறைமுகத்துக் குமாஸ்தா. பனியனோடு வெளியே வந்து உனக்கு நாற்காலி போட்டான். வாசற்படியில் விரித்திருந்த பாயை அவனே தூக்கிக் காட்டினான். சிமெண்ட் ஈரமாக இருந்தபோது என்கோசியின் புருஷன் விரலால் எழுதிய பெயரும் வருஷமும் அங்கே இருந்தன. வீடு இவளுடையதுதான், எனக்குத் தெரியும், சர்க்கார் கொடுத்தது, சர்க்கார் போகச் சொன்னால் போகிறேன் என்றான். மழை பெய்துகொண்டிருந்தது என்பது உட்பட எல்லாவற்றையும் தேதி, மணியோடு எழுதிவைத்தாய். என்கோசிக்கு எங்கள் வீட்டு விலாசத்தையும் கொடுத்துவிட்டு வந்தாய்.

திரும்பி வந்ததும் துரை படிவம் தயாரித்தார். சட்ட உதவி வேண்டும் என்பவர்கள் அதைப் பூர்த்தி செய்து அனுப்ப வேண்டும். எல்லாம் சரி, நாலாவது கட்டத்தில் ஒரு வரி: சொத்துப் பத்திரத்தை வைத்திருக்கும் நோட்டரியிடமிருந்து சான்றளித்த நகல் இணைக்க வேண்டும்.

படிக்கிறவர்களுக்கு இதை விளக்கியாக வேண்டும். நம் ஊரில் நோட்டரி என்றால் கோர்ட்டு வாசலில் ரப்பர் ஸ்டாம்போடு உட்கார்ந்திருப்பவர். இங்கே கியூபெக் மாகாணத்தில் நோட்டரி ஒரு குட்டி ராஜா. வீடு வாங்கினாலும் உயில் எழுதினாலும் அவர்தான். அசல் பத்திரத்தை இந்த ஊர்க்காரர்கள் தங்களிடம் வைத்துக்கொள்ளவே மாட்டார்கள், அது என்றைக்கும் நோட்டரியின் இரும்பறையில் இருக்கும், கேட்டால் நகல் கொடுப்பார். வீடு எரிந்தாலும் பத்திரத்துக்கு ஒன்றும் ஆகாது. பிறந்ததிலிருந்து இப்படியே பழகியவர்களுக்கு, நோட்டரி இல்லாத ஊர் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று தோன்றவே இல்லை.

நைஜீரியா வெள்ளைக்காரன் சட்டம் நடந்த ஊர், நம் ஊர் மாதிரி. அங்கே பத்திரம் வீட்டுப் பெட்டியில் இருக்கும். வீடு போனால் பெட்டியும் போச்சு. சத்தியம் செய்து ஏதாவது எழுதிக்கொடுக்க வேண்டுமென்றால் கோர்ட்டில் அதற்கென்று இருக்கிற குமாஸ்தா போதும். இதை நீ கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாய். துரை பைப்பைத் தட்டிவிட்டு, நாகரிகமுள்ள எந்த நாட்டிலும் நோட்டரி இருப்பார் என்றாராம். நீ திரும்பவும் சொன்னாய். குமாரி வத்சலா நடைமுறை சம்பந்தமான ஒரு சிறு கருத்தைத் தெரிவித்தார் என்று கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டு, படிவத்தை அச்சுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அன்று ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தவள் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை, தரையெல்லாம் பனித்தண்ணீர். "பத்திரம் தொலைஞ்சவங்களுக்குத்தான் வக்கீலே வேணும் அண்ணி. பத்திரத்தைக் கொண்டா, வக்கீலைத் தர்றேங்கறான்" என்றாய். நான் தரையைத் துடைத்துக்கொண்டே, உனக்கெதற்கு ஊர் வம்பு என்றேன். ஞாபகம் இருக்கிறதா?

கட்டுக்கட்டாகப் படிவம் கப்பலேறியது. ஒரு வருஷம் ஆயிற்று, பூர்த்தி செய்து ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. எவனாவது வெட்கப்பட்டிருக்க வேண்டாமா? துரை சந்தோஷப்பட்டார். அந்தப் பகுதி மக்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளும் இயல்புள்ளவர்கள், சட்ட உதவிக்கு அங்கே தேவை குறைவு என்று அறிக்கை எழுதினார். வழுவழுத் தாளில் அச்சடித்தார்கள், அட்டையில் தலையில் தண்ணீர்க் குடத்தோடு சிரிக்கிற ஒரு பெண்ணின் படம் வேறு. கிழித்தார்கள் போ.

அதற்கப்புறம்தான் உனக்கு உடம்புக்கு வந்தது. ரத்தத்தில் புற்று. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஆறு மாதம் அலைந்து ஆடிப்போய்விட்டோம். உன் அண்ணன் யுனிவர்சிட்டியில் பாடம் நடத்திவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து, உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவார். உன்னை எந்தக் கவலையும் இல்லாமல் வைத்திருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார்.

வத்சு, இதுவரை எழுதியது சுலபம். அடுத்தவனை ஏச எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இனிமேல் சொல்வது உனக்குத் தெரியாதது.

அந்தக் குளிர்காலத்தில் நைஜீரியாவிலிருந்து உன் பெயருக்கு மூன்று ஏரோகிராம் கடிதங்கள் வந்தன. நான் உன்னிடம் கொடுக்கவில்லை. சாப்பாட்டு அறை அலமாரி இழுப்பறையில், மேஜை விரிப்புகளுக்கு அடியில் போட்டேன். டாக்டர் சொன்னதால்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதி பொய். இந்தப் பொம்பளைக்கு வேறு வேலையில்லையா, சாகக் கிடக்கிறவளைப் போட்டுப் பிடுங்குகிறாளே என்று எரிச்சல். நீ ஒரு தடவை, என்கோசியிடமிருந்து ஏதாவது வந்ததா என்று கேட்டாய். இல்லை என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

பிப்ரவரியில் நீ போனாய். செப்டம்பரில் துரையின் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. ஊருக்குள் பெரிய ஹோட்டலில் மாநாடு போடுகிறார்களாம், சண்டை ஓய்ந்த நாடுகளில் நியாயம் கிடைக்கச் செய்வது பற்றி. அதில் உனக்கு அஞ்சலி, குடும்பத்தார் வரவேண்டும், உன் நல்ல புகைப்படம் ஒன்று வேண்டும். புகைப்படம் தேடி இழுப்பறையைக் கவிழ்த்தேன். விரிப்புகளோடு மூன்று ஏரோகிராமும் விழுந்தன.

தரையிலேயே உட்கார்ந்து பிரித்துப் படித்தேன். முதல் இரண்டும் விசாரிப்பு, உன் உடம்பு தேவலையா, நீ ஏன் எழுதவில்லை என்று. மூன்றாவதில் விஷயம் இருந்தது. அந்தத் துறைமுகத்துக் குமாஸ்தா இப்போது பேச்சை மாற்றிவிட்டான். வீடு இவளுடையது என்று தான் யாரிடமும் சொன்னதே இல்லை என்கிறான். படியையும் கொத்திப் புது சிமெண்ட் பூசிவிட்டான். இவளிடம் பத்திரமும் இல்லை. அங்கே ஒரு சின்ன வயசு வக்கீல் கேஸை நடத்த முன்வந்திருக்கிறார், அவருக்கு ஒன்றே ஒன்று வேண்டும். அன்றைக்கு அந்த ஆள் சொன்னதைக் கேட்ட நீ, கேட்டதை ஒரு தாளில் எழுதி, சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

"நீ இவ்வளவு தூரம் வரவேண்டாம், ஒரு தாள் போதும்" என்று எழுதியிருந்தாள்.

அந்த ஜனவரியில் நீ எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக் கொண்டிருந்தாய். பேப்பர் படித்தாய், குறுக்கெழுத்துப் போட்டி போட்டாய். சத்தியக் கடுதாசியில் ஒரு கையெழுத்துப் போட உனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? துரையின் படிவம் ஊருக்கெல்லாம் கதவைச் சாத்தியது. நான் என்கோசி ஒருத்திக்கு, இழுப்பறையை இழுத்து மூடிச் சாத்தினேன். அவருக்காவது தான் என்ன செய்கிறோம் என்று கடைசிவரை புரியவில்லை. எனக்கு அந்தச் சமாதானமும் இல்லை.

உன் அண்ணனிடம் சொன்னேன். அவர் போய் உன் பெட்டியிலிருந்து அந்த நீல அட்டை நோட்டை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். செத்தவள் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் எழுதிவைத்திருக்கிறாளே என்றார்.

மறுநாள் நோட்டைத் தூக்கிக்கொண்டு நோட்டரியிடம் போனேன், நமக்கு வீடு முடித்துக்கொடுத்த அதே ரொக்ஸ்பரோ கிழவர். இங்கே நோட்டரியை 'மெத்ர்' என்றுதான் கூப்பிட வேண்டும், அவ்வளவு மரியாதை. அவருடைய இங்கிலீஷையும் என் பிரெஞ்சையும் கூட்டினாலும் ஒரு முழு பாஷை தேறாது. எப்படியோ கதையைச் சொன்னேன், உன் பெட்டியில் கிடந்த துரையின் படிவத்தையும் காட்டினேன். நாலாவது கட்டத்தைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "மதாம், உலகத்தில் எல்லாரும் என்னிடம்தான் வீடு வாங்கினார்கள் என்று நினைத்துவிட்டார்கள் போல" என்றார், சிரிக்காமல்.

அவர்தான் வழி சொன்னார். யாரும் எந்தக் காகிதத்தையும் நோட்டரியிடம் அடைக்கலமாக வைக்கலாமாம், இவர்கள் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. நோட்டு அவருடைய இரும்பறைக்குப் போகும். அது உன் கையெழுத்துதான் என்றும், என் மொழிபெயர்ப்பு சரிதான் என்றும் நான் சத்தியம் செய்து எழுதிக்கொடுக்க வேண்டும். அவர் முத்திரை போட்டு நகல் கொடுப்பார்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் உரக்க வாசித்தாக வேண்டும் என்பது இவர்கள் வழக்கம். நம் வீட்டுப் பத்திரத்தையும் அன்றைக்கு அப்படித்தான் வாசித்தார், நாங்கள் ஒன்றும் புரியாமல் தலையாட்டினோம். இந்தத் தடவை, நோட்டில் இருக்கிறதை நீங்கள்தான் வாசிக்க வேண்டும் மதாம் என்றார். மொழிபெயர்ப்பையா என்றேன். முதலில் அசல் என்றார்.

வாசித்தேன். போர்ட் ஹார்க்கோர்ட் மழையை, நாற்காலி போட்ட பனியன்காரனை, பாய்க்கு அடியில் இருந்த பெயரை, எல்லாவற்றையும் உன் தமிழில் வாசித்தேன். உன் குரலே என் வாயில் வந்த மாதிரி இருந்தது. ஒரு வார்த்தை புரியாத அந்தக் கிழவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மேஜைமேல் கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் கேட்டார். டெலிபோன் மணி அடித்தது, அவர் எடுக்கவில்லை. ஷெர்புரூக் தெருவில் அத்தனை வருஷத்தில் ஒருவராவது நீ பேசும்போது அப்படிக் கேட்டிருப்பார்களா? நான் வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

இனி மாநாட்டுக்கு வா. காஞ்சிபுரம் பட்டு, மேலே குளிர் கோட்டு, காலில் பூட்ஸ் என்று உன் அண்ணியின் கோலத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஹோட்டல் ஹாலில் சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு ஏழைகளைப் பற்றி வாய்கிழியப் பேசிக்கொண்டிருந்தார்கள். வந்திருந்தவர்களில் ஒருவர்கூடத் தன் வீட்டை இழந்தவராக எனக்குத் தெரியவில்லை. ஒரு பெரிய மனுஷர் என்னிடம் வந்து, உங்கள் நைஜீரியாவில் இப்போது பருவநிலை எப்படி என்று கேட்டார். மதராஸில் வெயில் என்றேன்.

துரை மேடையேறி உன் பெயரை மூன்று தடவை மூன்று விதமாகச் சொன்னார், ஒன்றும் சரியில்லை. குரல் இல்லாதவர்களின் குரலாக இருந்தாளாம் நீ. என்கோசிக்கு எவ்வளவு குரல் உண்டு என்று மூன்று ஏரோகிராமையும் படித்த எனக்கல்லவா தெரியும். உன் ஆலோசனைகளை நிறுவனம் எப்போதும் பொக்கிஷமாகப் போற்றியது என்றும் சொன்னார். சொல்லும்போது கண் கலங்கியது வேறு. பொய் சொல்கிறோம் என்று தெரிந்து சொல்பவன் மேல் என்றே எனக்குப் பட்டது.

பலகையைக் கொடுத்துவிட்டு இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன் என்று நினைத்திருப்பார்கள். நான் பையிலிருந்து படிவத்தை எடுத்தேன், அவர்கள் அச்சடித்த அதே படிவம். என்கோசியின் பெயரில் பூர்த்தி செய்து, அவள் கடிதத்தை இணைத்து, நாலாவது கட்டத்துக்கு நோட்டரி சான்றளித்த நகலைச் சிவப்பு முத்திரையோடு வைத்திருந்தேன். எந்த ஊர் நோட்டரி என்று படிவத்தில் போடவில்லையே. "உங்களுக்கு ஒரு மனுகூட வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இதோ, முதல் மனு" என்று சொல்லித் துரையின் கையில் கொடுத்தேன்.

அவர் முகத்தை நீ பார்க்கவில்லையே என்று எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு நிமிஷம்தான், வத்சு. உடனே சமாளித்துக்கொண்டு படிவத்தை மார்போடு அணைத்துக்கொண்டார், போட்டோவுக்கு நின்றார், எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். இவ்வளவு பேர் பார்க்க வாங்கிக்கொண்டவர் தட்டிக்கழிக்க முடியாது என்று நம்பினேன். இத்தனை தெரிந்தும் நம்பினேன் பார், என்னைவிடப் பெரிய அசடு யார்?

மூன்றாவது வாரம் பதில் வந்தது. தேவை குறைவாக இருந்ததால் அந்தப் பகுதிக்கான திட்டம் முடித்துக்கொள்ளப்பட்டது, உங்கள் மனுவை ஆவணக் காப்பகத்தில் மரியாதையுடன் சேர்த்திருக்கிறோம். கையெழுத்து அவருடையது இல்லை, செக்ரட்டரி போட்டது.

நல்லவேளையாக நோட்டரி இன்னொரு நகலும் கொடுத்திருந்தார். அதை நானே அந்த வக்கீல் பிள்ளைக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். என்கோசிக்கும் எழுதினேன், நீ போன செய்தியை மட்டும். அவள் உனக்காக அங்கே சர்ச்சில் பிரார்த்தனை வைத்ததாகப் பதில் எழுதினாள். அந்தக் கடிதத்தை என்னால் இரண்டாவது தடவை படிக்க முடியவில்லை.

போன மாதம் வக்கீலிடமிருந்து வந்தது. கோர்ட்டு உன் நோட்டைப் பார்க்கத் தயாராம், ஆனால் முத்திரை மட்டும் போதாது. அது உன் கையெழுத்துதான் என்று, தெரிந்தவர் ஒருவர் நேரில் வந்து கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். கீழே இன்னொரு வரி எழுதியிருந்தார். எதிர்க்கட்சி வக்கீல் கட்டாயம் ஒன்று கேட்பார்: அந்த அம்மாள் உயிரோடு இருந்தபோதே ஏன் சத்தியக் கடுதாசி வாங்கவில்லை? அதற்குப் பதில் யோசித்து வையுங்கள் என்றார்.

துரையின் ஆபீஸுக்கு டெலிபோன் செய்து, சாட்சியை அனுப்பி வைப்பீர்களா என்று கேட்டேன். பயணமெல்லாம் மாநாடுகளுக்குத்தானாம். எனக்குக் கோபம்கூட வரவில்லை, கொட்டாவி வந்தது.

நானே போகிறேன் என்று முடிவு செய்துவிட்டேன். பக்கத்திலிருக்கிற கர்க்லாண்டுக்குத் தனியாகப் போகக்கூட உன் அண்ணனைக் கூப்பிடுகிறவள் ஆப்பிரிக்காவுக்குப் போகிறேன், நீ சிரிப்பாய். விசா வந்துவிட்டது, மஞ்சள் காய்ச்சல் ஊசியும் போட்டாயிற்று, தோள் இன்னும் வலிக்கிறது. உன் அண்ணன்தான் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். "அந்தக் கேள்வி வந்தா, தபால் லேட்டா வந்துச்சுன்னு சொல்லிடேன் லலிதா. கேஸுக்கு ஒண்ணும் ஆகாது. அந்தம்மாவும் அங்கேயே உட்கார்ந்திருப்பாங்க."

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் தபால் தாமதம், தேவை குறைவு, நடைமுறை சம்பந்தமான சிறு கருத்து, இதெல்லாம் அந்த ஷெர்புரூக் தெரு பாஷை அல்லவா? அந்தக் கூட்டத்தை நாலு பக்கம் ஏசிவிட்டு, கூண்டில் ஏறி நானும் அதையே பேசுவதா? உன் நோட்டில் மழை பெய்ததைக்கூட விடாமல் எழுதியிருக்கிறாய். அந்த நோட்டு நிஜம் என்று சொல்லப்போகிற வாயால் இன்னொரு பொய் சொல்ல மாட்டேன்.

ஆகவே உனக்கு வாக்குக் கொடுக்கிறேன், வத்சு. அந்தக் கோர்ட்டில் உன் கையெழுத்தைத் தொட்டுக்காட்டி, இது என் நாத்தனார் எழுதியது என்று சொல்வேன். ஏன் அப்போதே வாங்கவில்லை என்று கேட்டால், அவளுக்கு வந்த கடிதங்களை நான் ஒளித்து வைத்தேன் என்பேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். என்கோசி எதிரே உட்கார்ந்திருப்பாள். அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வேன், குனிய மாட்டேன்.

தீர்ப்பு வரும்வரை அங்கேயே இருப்பேன். வீடு அவள் கைக்கு வந்த பிறகு ஒரு நாள் போய்க் கதவைத் தட்டுவேன். என் குரலைக் கேட்டுவிட்டு அவள் திறக்காமலே இருந்தால் இருக்கட்டும். என்னை வெளியே நிறுத்திச் சாத்திக்கொள்ள அவளுக்கென்று ஒரு கதவு இருக்குமே, எனக்கு அது போதும்.

நீ கேட்டபோது இல்லை என்று சொன்ன,
உன் அண்ணி
லலிதா